பிறை வரைதான் தாங்கும் என்றார், நான் ஈப்போவுக்குப் புறப்பட்டேன்

இதை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆனது. மனசு ஆற வேண்டியிருந்தது, கணக்கும் முடிய வேண்டியிருந்தது. மொத்தம் 3,410 மலேசிய வெள்ளி போய்விட்டது, பன்னிரண்டு நாள் கார் இல்லாமல் அலைந்தேன், அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை ஏழு வாரம் தள்ளிப்போனது. எல்லாம் ஒரு ரேடியேட்டர் ஹோஸால், இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் போகும் ரப்பர் குழாயால். அந்த ஹோஸின் விலை 45 வெள்ளி. வழியில் அதைத் தற்காலிகமாகக் கட்டிக் கொடுத்தவர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார், ஜூரி ரிக் என்று ஒரு சொல்லையும் சொல்லிக் கொடுத்தார். அந்தச் சொல்லின் அர்த்தத்தை அன்றைக்கே சரியாகக் காதில் வாங்கியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று இப்போதும் நம்புகிறேன். என்னைப் போலத் தனியாகக் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன்.

நான் பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கில் இருக்கிறேன், வேலை எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். தினமும் பினாங்கு பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நடுப்பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பானெட் ஓரத்திலிருந்து மெல்லிய ஆவி வந்தது, டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறியது. கடலுக்கு நடுவில் நிற்கப் பயந்துகொண்டு, ஏசியை அணைத்துவிட்டு, ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து பிறைப் பக்கம் இறங்கி, கண்ணில் பட்ட முதல் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினேன். அதுவே தப்பு. பாலத்திலும் ஹைவேயிலும் அவசர ஓரம் இருப்பதே இதற்குத்தான். முள் ஏறினால் ஓரம் கட்டி இஞ்சினை அணைக்க வேண்டும், இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டக்கூடாது. அன்று இஞ்சின் தப்பித்தது என் அதிர்ஷ்டம், ஒழுக்கு சின்னதாக இருந்தது.

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பக்கத்தில் மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். நான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனதும், "கையை எடு மா!" என்று அதட்டினார். சூடான ரேடியேட்டருக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும், நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும், மூடியைத் திறந்த அந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும் என்றார். முக்கால் மணி நேரம் காத்திருக்க வைத்தார். அப்புறம் மேல் ஹோஸில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருப்பதைக் காட்டினார். துணியால் ஈரம் போகத் துடைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப்பை இழுத்து இழுத்து, வெடிப்புக்கு இரண்டு பக்கமும் நன்றாகத் தள்ளிச் சுற்றினார். அதன் மேல் பழைய மோட்டார் டியூபைக் கீறிச் சுற்றி, மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டினார். தண்ணீர் ஊற்றியதும் மூடியை முழுசாக இறுக்காமல், முதல் பிடிப்பிலேயே நிறுத்திவிட்டார்.

முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தவராம். கட்டி முடித்துவிட்டு, "இதுக்குப் பேரு ஜூரி ரிக் மா" என்றார். எனக்குக் கோர்ட்டில் உட்காரும் ஜூரிதான் ஞாபகம் வந்தது. "அது இல்ல, கப்பல் பேச்சு. பாய்மரம் ஒடிஞ்சிட்டா நடுக்கடல்ல கையில கிடைக்கிற மரத்தை நட்டுக் கட்டுவாங்க. பக்கத்துத் துறைமுகம் வரைக்கும் வரும், அதுக்கு மேல வராது. நீ நேரா இங்க பிறையில எந்தப் போமன் (மெக்கானிக்) கடைக்காவது போயிரு. ஏசி போடாதே, அறுபதுக்கு மேல போகாதே, மூடியை இறுக்காதே, திரும்பப் பாலம் ஏறாதே." காசு வாங்கவில்லை. ஒரு தே தாரே டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

நான்கு விஷயம் கூடாது என்றார். அன்று மாலைக்குள் ஒன்றை மீறிவிட்டேன். வேலைக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது, நேராக ஆபீஸுக்குப் போனேன். தெரிந்த போமன் ஜெலுத்தோங்கில்தான் இருக்கிறார் என்ற நினைப்பில் மாலையில் மெதுவாகப் பாலம் ஏறினேன். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. போமன் கடை மூடியிருந்தது. சனிக்கிழமை போனால் ஒரே கூட்டம், அடுத்த வாரம் வாங்க என்றார். அடுத்த வாரம் மாதக் கணக்கு முடிக்கும் வாரம். இப்படியே மூன்று வாரம் ஓடியது. ஒவ்வொரு நாளும் அது தாங்கத் தாங்க, எனக்கு அதன் மேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. உள்ளே நடந்ததோ நேர் எதிர், ஒவ்வொரு நாளும் ரப்பர் சூடாகி ஆறி, கம்பி தளர்ந்துகொண்டிருந்தது. முதல் நாள் பயந்து பயந்து ஓட்டியவள், பத்தாம் நாள் ஏசி போட்டேன். பதினைந்தாம் நாள் தொண்ணூறில் போனேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றலாம் என்று பானெட்டைத் திறந்தபோது மூடி தளர்ந்திருப்பதைப் பார்த்து, அவசரத்தில் சரியாக மூடாமல் விட்டுவிட்டோம் போல என்று நினைத்து, அழுத்தித் திருகி முழுசாக இறுக்கினேன். அவர் சொன்னது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை இரவு ஈப்போவுக்குப் புறப்பட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை, அழைத்துப் போக என்னை விட்டால் ஆள் இல்லை. வடக்கு தெற்கு ஹைவேயில் நூற்றுப்பத்தில் போனேன், ஏசி முழு வேகத்தில். தைப்பிங் தாண்டி கோலகங்சார் வரை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மலை ஏற்றம் இருக்கிறதல்லவா, லாரிகள் எல்லாம் திணறும் இடம், அங்கே முள் சரசரவென்று ஏறியது. எனக்கு வயிறு கலங்கியது. ஓரம் கட்டலாமா என்று யோசிப்பதற்குள் முள் தானாகவே இறங்கி நடுவுக்குக் கீழே வந்துவிட்டது. சாமி காப்பாற்றிவிட்டது என்று நிம்மதியாகத் தொடர்ந்து ஏறினேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. இஞ்சினில் டக் டக் என்று சத்தம், மிதித்தால் இழுக்கவில்லை, அப்புறம் பானெட் முழுக்கப் புகை.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். ஏறிய முள் காரணமில்லாமல் திடீரென்று இறங்கினால் அது நல்ல செய்தி இல்லை. அந்த முள்ளுக்குச் சொல்லும் சென்சார் தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டியது. தண்ணீர் மொத்தமும் வெளியே போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கும், உள்ளே இரும்பு வெந்துகொண்டிருந்தாலும் முள் கீழே காட்டும். எனக்கு நடந்தது அதுதான். நிறுத்த வேண்டிய கடைசி நிமிடத்தில் நிம்மதியாக ஓட்டினேன். இன்னொன்று, ஹீட்டரைப் போட்டால் இஞ்சின் சூடு கொஞ்சம் குறையும் என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வார்கள். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது, அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இரவு ஒன்பதரை, மலை ஏற்றம், தனியாக ஒரு பெண். கை நடுங்கியது. காருக்குள்ளேயே பூட்டிக்கொண்டு உட்காரத்தான் தோன்றியது, ஆனால் அது ஆபத்து, பின்னால் வரும் லாரி ஓரத்தில் நிற்கும் காரை இடித்த செய்திகளை எத்தனை படித்திருக்கிறோம். அவசர விளக்கைப் போட்டுவிட்டு, இடது பக்கமாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். நான் யாரையும் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு இழுவை லாரி வந்து நின்றது, பின்னாலேயே இன்னொன்று. முதல் ஆள் எண்ணூறு வெள்ளி கேட்டான், தன் பெங்கெலுக்குத்தான், அதாவது தன் பட்டறைக்குத்தான், கொண்டு போவேன் என்றான், நான் பதில் சொல்வதற்குள் கொக்கியை எடுத்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் தொடாதே என்று மலாயில் சத்தம் போட்டுக்கொண்டே ஹைவே உதவி எண்ணான பிளஸ்லைனுக்கு, 1800-88-0000, போன் போட்டேன். அந்த எண்ணைத் தயவுசெய்து இப்போதே போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் தேட முடியாது. ரோந்து வண்டி வரும்வரை அந்த இரண்டு லாரியும் போகவில்லை. வண்டி வந்ததும் தானாகவே நழுவிவிட்டன. ரோந்துக்காரர்கள் என்னையும் காரையும் ஹைவேயை விட்டுப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து ஈப்போவில் ஒரு பெங்கெலுக்கு இழுத்துப் போக வேறொரு லாரிக்கு 350 வெள்ளி கொடுத்தேன். என் காப்புறுதியிலேயே இலவச இழுவை இருந்தது என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் காப்புறுதித் தாளை எடுத்துப் பாருங்கள், எத்தனை கிலோமீட்டர் வரை, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்கும். முதலில் அங்கே கேட்காமல் கையிலிருந்து காசு கொடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.

அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. காலையில் எட்டு மணிக்கு மருத்துவமனையில் இருந்திருக்கலாம், கிரேப் வாடகைக் கார் எடுத்தால் போதும். ஆனால் இரவெல்லாம் எனக்காகக் காத்திருந்த பதற்றத்தில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, இந்த நிலையில் செய்ய முடியாது என்று தேதியை மாற்றிவிட்டார்கள். அம்மா ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

ஈப்போ பெங்கெலின் போமன் இஞ்சினைப் பிரித்துப் பார்த்து, சூட்டில் இஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது, அதன் அடியில் இருக்கும் அடைப்பான கேஸ்கெட் போய்விட்டது என்றார். பழைய காரிலிருந்து வெட்டி எடுத்த ஹாஃப் கட் இஞ்சின் வாங்கி மாற்றிவிடலாம் என்று முதலில் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹெட்டைக் கடைசலுக்கு அனுப்பிச் சமப்படுத்தி, கேஸ்கெட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,380. ஹோஸ் இரண்டும், புது மூடி, கூலன்ட் சேர்த்து 150. பன்னிரண்டு நாள் பஸ், கிரேப் 290. சம்பளமில்லா விடுப்பு இரண்டு நாள் 240. முதல் நாளே பிறையில் மாற்றியிருந்தால் நூறு வெள்ளிக்குள் முடிந்திருக்கும்.

அந்தப் பன்னிரண்டு நாளும் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது கடலைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்ன சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தேடிப் படித்தேன். ஜூரி மாஸ்ட், அதாவது தற்காலிகப் பாய்மரம், என்ற சொல் 1616லேயே அச்சில் இருக்கிறது. ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் அமெரிக்கக் கரைக்குப் புறப்பட்டு, புயலில் பாய்மரங்களை இழந்து, ஒரு ஜூரி மாஸ்ட் கட்டிக்கொண்டு கிளம்பிய பிளிமத் துறைமுகத்துக்கே திரும்பினார். அவர் எழுதிய நூலில் அந்தச் சொல் வருகிறது. எனக்கு இதில் உறைத்தது அந்தத் 'திரும்பினார்' என்ற இடம். கட்டிய மரம் நன்றாக நிற்கிறதே, அப்படியே அமெரிக்கா போய்விடலாம் என்று அவர் கிளம்பவில்லை. நான் அதைத்தான் செய்தேன். கோர்ட் ஜூரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஜூரி சத்தியம் செய்வது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது, நம் மலேசியாவில் 1995இல் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். கப்பல் ஜூரி எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. உதவி என்று பொருள்படும் அஜூரி என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள், நாள் என்று பொருள்படும் ஜூர் என்ற சொல்லைச் சொல்கிறவர்களும் உண்டு, ஒரு நாளைக்கான மரம் என்ற அர்த்தத்தில். எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது.

கப்பலில் அதை எப்படிச் செய்வார்கள் என்று படித்தபோதுதான் அந்தப் பெரியவர் மூடியை ஏன் தளர்த்தி வைத்தார் என்று புரிந்தது. ஒடிந்த மரத்தின் அடிக்கட்டையோடு, கைவசம் இருக்கும் உபரிக் கழியையோ, பாயைத் தாங்கும் குறுக்குக் கழியான பருமலையோ சேர்த்துக் கட்டி, கயிறுகளால் நாலு பக்கமும் இழுத்து நிறுத்துவார்கள். அதில் பழைய அளவுப் பாயைக் கட்டினால் முதல் பலத்த காற்றிலேயே மறுபடி ஒடியும். அதனால் சின்னப் பாய்தான் கட்டுவார்கள், கப்பல் மெதுவாகத்தான் போகும். 1805 அக்டோபர் 21இல் டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் பின்பாய்மரத்தை இழந்தது, மற்ற மரங்களும் சிதைந்தன. அதை ஜிப்ரால்டருக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கே தற்காலிக மரங்களைக் கட்டித்தான் போரில் இறந்த நெல்சனின் உடலோடு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த பிறகு சாத்தம் கப்பல் பட்டறையில் விட்டு ஒழுங்காகப் பழுது பார்த்தார்கள். என் ஹோஸுக்குச் சின்னப் பாய் என்பது அந்தத் தளர்ந்த மூடிதான். மூடி முதல் பிடிப்பில் இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறாது, கட்டு தாங்கும். ஆனால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், அதனால்தான் ஏசி கூடாது, வேகம் கூடாது. நான் மூடியை இறுக்கி, மலையும் ஏறி, முழுப் பாயையும் விரித்துவிட்டேன்.

கார் வந்த பிறகு ஒரு நாள் பிறையில் அதே எண்ணெய் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அந்த அங்கிளைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மூடியை இறுக்கிட்டியா?" தலையாட்டினேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. "தப்பு என் மேலயும் இருக்கு மா, எழுதி வைக்காம விட்டுட்டேன்" என்றார். அது என்னை உலுக்கிவிட்டது. கப்பலில் ஓட்டை விழுந்தால் உள்பக்கம் பலகையடித்து அதில் சிமெண்ட் கொட்டி அடைப்பார்களாம், சிமெண்ட் பாக்ஸ் என்று பெயர். கல் மாதிரி நிற்கும். ஆனாலும் கப்பலுக்குத் தரச் சான்று கொடுக்கும் சங்கத்தின் ஆய்வாளர் வந்து பார்த்து, தற்காலிகம் என்று எழுதி, இன்ன தேதிக்குள் இரும்புத் தகடு மாற்ற வேண்டும் என்று கெடு வைத்துவிடுவார், மாற்றாவிட்டால் சான்றுக்கே ஆபத்து. "தாங்குதா இல்லையான்னு யாரும் கேக்க மாட்டாங்க. தேதி வந்தா மாத்தணும், அவ்வளவுதான்" என்றார்.

நம் பேச்சில் இதற்கு ஒப்பேத்துறது என்று ஒரு சொல் இருக்கிறது. நல்ல சொல்தான், ஆனால் அதில் வேலை முடிந்துவிட்டது என்கிற தொனி இருக்கிறது, எப்படியோ ஒப்பேத்தியாச்சு என்று மூச்சு விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்திலும் ஜெர்ரி பில்ட் என்று ஒன்று உண்டு, மட்டமான பொருளை வைத்து ஏனோதானோ என்று கட்டியதைச் சொல்வது, 19ஆம் நூற்றாண்டுச் சொல். ஜெர்மானியர்களுக்குப் போர்க்காலத்தில் வைத்த பட்டப்பெயரிலிருந்து வந்தது என்பார்கள், ஆனால் சொல் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. பிற்பாடு இரண்டையும் கலந்து ஜெர்ரி ரிக் என்றும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அங்கிள் செய்தது மட்டமான வேலை இல்லை. கையில் இருந்ததை வைத்து, எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிந்து செய்த கைதேர்ந்த வேலை. அதை மட்டமாக்கியது நான்தான்.

இப்போது எங்கள் வீட்டில் எதை டேப் சுற்றினாலும், கட்டினாலும், அதன் மேலேயே மார்க்கரில் மூன்று விஷயம் எழுதுகிறேன்: கட்டிய தேதி, மாற்ற வேண்டிய தேதி, செய்யக் கூடாதது. டேப்பில் எழுத இடமில்லை என்றால் ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன், ஏனென்றால் பானெட்டுக்குள் இருப்பதைத் தினமும் பார்க்க மாட்டோம். காரின் பின்பெட்டியில் சிலிகான் டேப், கம்பி, ஹோஸ் கிளிப் இரண்டு, பழைய துணி, கைவிளக்கு, ஐந்து லிட்டர் தண்ணீர், முக்கோணப் பலகை வைத்திருக்கிறேன், எல்லாம் சேர்த்து எழுபது வெள்ளிக்கு மேல் ஆகவில்லை. ரேடியேட்டர் ஹோஸை இஞ்சின் ஆறியிருக்கும்போது கையால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும், நுனியில் உப்பியிருந்தாலும் மாற்றிவிடுங்கள், ஒழுகும்வரை காத்திருக்க வேண்டாம். தெரிந்த போமன்தான் வேண்டும் என்று பாலம் தாண்டி ஓட்டாதீர்கள், ஹோஸ் மாற்றுவது எந்தக் கடையிலும் அரை மணி நேர வேலை.

அம்மாவுக்குப் புதுத் தேதியில் நல்லபடியாக முடிந்தது. அதற்கு நான் பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில்தான் போனேன், முந்தின நாளே. கட்டுப் பிரித்த மறுநாள் அம்மா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இளைத்துவிட்டாய் என்றார்.